யானைக்கும் குடைக்கும் நடுவே ஒரு கண்டெய்னர்

அன்பு மகளே,

உனக்கு இன்னும் தொப்புள்கொடி விழவில்லை. அதற்குள் புத்தி சொல்லக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன் என்று உன் அம்மா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நீ வளர்ந்து, வேலைக்கோ கல்யாணமாகியோ இந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போது இதை உன் கையில் கொடுப்பதாக உத்தேசம். அன்றைக்கு உட்கார்ந்து எழுதினால் நான் அரைக்கிழவனாக இருப்பேன். எல்லாம் ஆறிப்போயிருக்கும். எனக்கு அப்போதே தெரியும் என்கிற தோரணையில் எழுதுவேன். அந்த ஆளை எனக்கு இப்போதே பிடிக்கவில்லை. இன்றைக்கு எனக்கு இருபத்தேழு வயது. டிசம்பரில் தொடங்கி நேற்று வரை நடந்தது உடம்பில் இன்னும் சூடாக ஓடிக்கொண்டிருக்கிறது. நீ என்னை இந்தச் சூட்டோடு தெரிந்துகொள்ள வேண்டும். வயசாளியின் அறிவுரை உனக்கு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும்.

சுற்றி வளைக்க எனக்கு வராது, அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் கானா என்று ஒரு நாடு இருக்கிறது. நான் அங்கே கால் வைத்ததில்லை. அங்கே ஒரு தேர்தல் நடந்தது. அதில் யார் ஜெயிக்கப்போகிறார்கள் என்று தெரியாமல், சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கும் நம் திருத்தங்கல்லில் நான் கிறுக்குப் பிடித்தவன் மாதிரி அலைந்தேன். அரசியல் ஆர்வம் எல்லாம் இல்லை. என் அக்கா காளீஸ்வரி, உன் காளி அத்தை, பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற வேலைக்குத் திரும்பிப் போவாளா மாட்டாளா என்பது அந்தத் தேர்தலில் போய் மாட்டிக்கொண்டது. மாட்டிவிட்டவன் நான்.

நான் வேலை பார்க்கும் அச்சகம் காதர் பாய் என்பவருடையது. அச்சுத் தொழில்நுட்பத்தில் டிப்ளமா முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். நாலு கலர் ஆஃப்செட் மெஷின் என் பொறுப்பு. தீபாவளிக்கு முன்னால் பட்டாசு லேபிள், அது முடிந்ததும் காலண்டர், பொங்கல் கழிந்தால் ஒன்றும் கிடையாது. மெஷினைத் துடைத்துத் துணி போட்டு மூடிவிட்டு ஈ ஓட்டுவோம். என் அக்காவோ பள்ளிக்கூடம் விட்ட வயதிலிருந்து ஆனைக்குட்டம் பக்கத்து பட்டாசுக் கம்பெனிக்குத்தான் போகிறாள். காலையில் கம்பெனி பஸ் ஏறுவாள், சாயங்காலம் இறங்குவாள். அவள் இறங்குகிற வரைக்கும் எங்கள் வீட்டில் எவரும் வெடிச்சத்தத்தைச் சாதாரணமாகக் கேட்டது கிடையாது. தூரத்தில் கல்யாண வீட்டு வேட்டு என்றாலும் உன் தாத்தா வாசலுக்கு வந்து எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார். நான் டிப்ளமா படித்தது அவள் சம்பளத்தில். இதை உருக்கத்துக்காகச் சொல்லவில்லை, விவரத்துக்காகச் சொல்கிறேன். அவளை அந்த மருந்து அறையிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும் என்பது எனக்குக் கொள்கை எல்லாம் இல்லை. பாக்கி நிற்கிற வேலை, அவ்வளவுதான்.

வழி கிடைத்தது. காதர் பாயின் மருமகன் இஸ்மாயில் அண்ணன் கானாவின் தலைநகரில் நோட்டு, பென்சில் மொத்த வியாபாரம் செய்கிறார். அங்கே அரசுப் பள்ளிக்கூடங்களுக்கு நோட்டு கொடுக்கிற ஆர்டரில் ஒரு பங்கு அவருக்கு வந்தது. அதை மாமனார் அச்சகத்துக்கே தள்ளிவிட்டார். முதல் லோடு ஒரு கண்டெய்னர். அது ஒழுங்காகப் போய் இறங்கி, அந்த ஊர்ப் பள்ளிக்கூடக் கமிட்டி ஏற்றுக்கொண்டால் வருஷம் பூராவும் ஆர்டர். பைண்டிங்குக்கு நிரந்தரமாக ஆள் வேண்டும். பாயிடம் போய் நின்றேன். "என் அக்காவையும் அவ செட்டுப் பொம்பளைகளையும் எடுத்துக்கோங்க பாய்" என்றேன். "அவுகளுக்கு வேலை தெரியுமாப்பா?" என்றார். "மருந்தையே சிந்தாம அடைக்கிறவுக. தாளு மடிக்க மாட்டாகளா?" என்றேன். சிரித்துவிட்டார். ஆனால் ஒரு வார்த்தை சேர்த்தார். "முதல் லோடு எறங்குற வரைக்கும்தான் நான் உறுதி சொல்ல முடியும். அதுக்கு மேல அல்லா விட்ட வழி." போதும் என்று வந்துவிட்டேன். அக்கா பட்டாசுக் கம்பெனி வேலையை விட்டு நின்றாள், நோட்டுக்குக் கம்பிப் பின் அடிக்க வந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வேட்டுச் சத்தம் கேட்டு முதன்முறையாக நான் திரும்பிப் பார்க்காமல் சைக்கிள் மிதித்தது அந்த வாரம்தான்.

அட்டைக்கு என்ன படம் என்று கேட்டபோது இஸ்மாயில் அண்ணன் போனில் சொன்னது இவ்வளவுதான்: "பிள்ளைகளுக்குப் புடிச்ச மாதிரி ஏதாச்சும் போடுலே. அதெல்லாம் என்கிட்ட கேக்காதே." நானும் கேட்கவில்லை. எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு குட்டியானை கிடந்தது. ஒரு பூவாண லேபிளுக்காக வரைந்து, ஆர்டர் கொடுத்த பார்ட்டி வேண்டாம் என்று விட்ட படம். தும்பிக்கையைத் தூக்கித் தண்ணீர் பீய்ச்சும். கண்ணில் அப்படி ஒரு குறும்பு. ஆப்பிரிக்கா என்றால் யானை, யானை என்றால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிளேட் எடுத்தேன், அடித்துத் தள்ளினேன். அந்தச் சாம்பல் நிறம் தாளில் விழுந்த அழகை நானே ரசித்துக்கொண்டு நின்றேன்.

இதை வேறு ஊர்க்காரன் செய்திருந்தால் மன்னிக்கலாம். சிவகாசி வட்டாரத்து அச்சுக்காரன் செய்யலாமா? எங்கள் தொழிலில் சின்னம் என்பது நெருப்பு மாதிரி. கல்யாணப் பத்திரிகையில் சூரியன் உதிக்கிற மாதிரி படம் போட்டால், "மாப்பிள்ளை வீடு எந்தக் கட்சி?" என்று கேட்பார்கள். காலண்டரில் மாம்பழம் வைக்கும் முன் மூன்று பேரிடம் கேட்போம். வாழ்த்து அட்டையில் இரண்டு இலை சேர்ந்து நின்றால் ஒன்றைக் கிள்ளிவிடுவோம். ஓட்டு எண்ணுவதற்கு முந்தைய நாளே இரண்டு வேட்பாளருக்கும் 'மாபெரும் வெற்றி' போஸ்டர் அடித்துக் கட்டி வைப்பதுதான் எங்கள் வழக்கம். ஜெயித்தவன் கட்டு வண்டியில் ஏறும். தோற்றவன் கட்டு அப்படியே கழிவுத்தாள் கடைக்குப் போகும். தோற்றவனின் வெற்றிச் சிரிப்பைப் பார்த்த ஆள் உலகத்திலேயே நாங்கள் மட்டும்தான். இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்து, அந்த நாட்டில் யார் ஆள்கிறார்கள், அவர்கள் சின்னம் என்ன என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு கண்டெய்னர் நிறைய யானை அடித்து வைத்திருக்கிறேன் பார்.

டிசம்பரில் சாம்பிள் கூரியரில் போய்ச் சேர்ந்தது. மறுநிமிஷம் போன்.

"ஏலே இஞ்சினியரு, யானை போட்டிருக்கியாலே?"

"ஆமாண்ணே. நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. யானை இங்கன ஆளுங்கட்சி சின்னம்லே!"

எனக்கு ஒரு நொடி சந்தோஷமாகவே இருந்தது. "ஆளுங்கட்சின்னா நல்லதுதானண்ணே?"

"மண்ணாங்கட்டி. போன வாரம் இங்கன எலெக்சன். யாருக்கும் பாதி ஓட்டு வரலை. ரெண்டாஞ்சுத்துக்குப் போயிருச்சு. எதுத்தாப்புல நிக்கிறவன் குடை. ரெண்டு பேரும் சமமா நிக்கிறாக. குடை செயிச்சு, நம்ம யானை வந்து எறங்குச்சுன்னா, போன ஆட்சிக்காரன் ஆளுன்னு என்னைய ஒதுக்கி விட்டுருவான்லே."

"அப்ப அட்டையை மாத்தி குடை போட்டுருவோமா?"

"யானை செயிச்சா?"

"யானை குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி…"

"போனை வைலே."

வைத்துவிட்டேன். கண்டெய்னர் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போக வேண்டியது இரண்டாம் சுற்று ஓட்டுப்பதிவுக்கு முன்னால். காத்திருந்தால் கப்பல் போய்விடும், அங்கே அடுத்த பருவம் தொடங்கிவிடும். அட்டையைப் பிரித்து மாற்றலாம் என்றால், அட்டையும் தாளும் சேர்த்துப் பின் அடித்தாயிற்று. பின்னைப் பிடுங்கினால் நடுத்தாள் கையோடு வந்துவிடும். ஆக, யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாமலே லோடு ஏற்ற வேண்டும். மகளே, படித்தவன் என்று பெயர் வாங்கியவனுக்கு 'தெரியாது' என்று சும்மா இருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை. எதையாவது செய்தாக வேண்டும் என்று கை துருதுருக்கும். உனக்கும் என் ரத்தம் ஓடுமானால் இந்தத் துருதுருப்பு வரும். வரும்போது இந்தக் கதையை நினைத்துக்கொள்.

என் மூளை எங்கள் ஊர் வழக்கத்துக்கு ஓடியது. இரண்டு பேருக்கும் அடித்து வை! அட்டைக்கு மேலே போட்டுக்கொள்கிற மாதிரி, இரண்டு பக்கமும் மடிப்பு வைத்து, தனியாக ஒரு மேலுறை. அதில் குடை. அந்தக் கட்சியின் நிறங்களை இணையத்தில் தேடி எடுத்து, கறுப்பு, சிவப்பு, வெள்ளை, பச்சை என்று அச்சு அசலாக அடித்தேன். பூவோ மலையோ போட்டிருக்கலாமே என்று நீ கேட்பாய். தோன்றவே இல்லை. இந்த ஊரில் இரண்டு பக்கத்துக்கும் வேலை பார்த்துப் பழகியவனுக்குப் பொதுவான படம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். நோட்டு எத்தனையோ அத்தனை மேலுறை. அக்காவும் அவள் செட்டும் ஒவ்வொரு பெட்டியிலும் யானை மேல் குடையை அடுக்கிக் கட்டினார்கள். யானை ஜெயித்தால் மேலுறையைத் தூக்கிப் போடு, குடை ஜெயித்தால் மாட்டிவிடு. அப்பழுக்கில்லாத தீர்வு என்று எனக்கு நெஞ்சு விம்மியது. காதர் பாய் மட்டும் தாடியைச் சொறிந்தபடி, "மருமவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டியாப்பா?" என்றார். "அவரு ஆச்சரியப்படட்டும் பாய்" என்றேன்.

ஆச்சரியப்பட்டார். கப்பல் கிளம்பிய பிறகு பெருமையோடு போனில் சொன்னேன்.

"ஒரு பெட்டிக்குள்ள ரெண்டு கட்சியுமா?" என்றார் மெதுவாக.

"ஆமாண்ணே. யாரு செயிச்சாலும் நமக்குக் கவலை இல்லை."

"யாரு செயிச்சாலும் நான் செத்தேன்லே. துறைமுகத்துல பெட்டியைத் தொறந்து பாப்பான். யானைக்காரன் குடையைப் பாப்பான், குடைக்காரன் யானையைப் பாப்பான். ரெண்டு பேருக்கும் பிரசாரச் சாமான் எறக்குறேன்னு எழுதுவான். இது உங்க திருத்தங்கல் இல்லைலே. இங்கன நாங்க வந்தேறி சனம். போன வருசம் இந்தக் கண்டத்துலயே வேற ஒரு நாட்டுல எலெக்சன் முடிஞ்சு வெட்டுக்குத்து ஆச்சு, தெரியும்ல? இங்கன அப்படி ஏதும் ஆயிருமோன்னு நாங்க அரிசி வாங்கி வச்சுக்கிட்டு, கடை ஷட்டரை அரைவாசி எறக்கிப் போட்டு உக்காந்திருக்கோம். பாத்திமா பிள்ளைகளை வெளிய விட மாட்டேங்கா. உனக்கு உன் யானையும் குடையும்."

பாத்திமா அவர் மனைவி, பாயின் மகள். அந்த நிமிஷம்தான் எனக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. நான் அந்தத் தேர்தலை ஒரு அட்டைப் படத்துக்கு வந்த இடைஞ்சலாக மட்டுமே பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு குடும்பம் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அங்கே பிறந்த கோடிக்கணக்கான சனத்துக்கு அது அவர்கள் வாழ்க்கை. தூரத்து ஊரைப் பற்றி நீ கவலைப்படும்போது, உன் கவலையில் அந்த ஊர் ஆட்கள் இருக்கிறார்களா, இல்லை உன் சாமான் மட்டும் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள். நான் பார்க்கவில்லை.

இருந்தாலும் கவலையை நிறுத்த முடிந்ததா என்றால், அது இரட்டிப்பாகத்தான் ஆனது. சிவகாசி பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரே கதியாகக் கிடந்தேன். அந்த நாட்டு ரேடியோ ஒன்று இணையத்தில் வரும். விட்டு விட்டுக் கேட்கும். மாவட்டப் பெயர்கள் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டன. நமக்கோ பக்கத்திலேயே ஒரு தொகுதியில் இடைத்தேர்தல். ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. டீக்கடையில் ஒருத்தர் என்னைப் பார்த்து, "என்ன தம்பி, போஸ்டர் அடிக்கிற ஆளு நீ. யாரு வருவா?" என்றார்.

"இழுபறிண்ணே. யானைக்கும் குடைக்கும் மயிரிழைதான் வித்தியாசம்."

"யானையா? நம்ம பக்கம் யானை நிக்கலையேப்பா."

"சுயேச்சையா இருக்கும்லே" என்றார் இன்னொருத்தர். டீ மாஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்து, சீனி கம்மியாகப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டிலும் இதே கூத்துதான். உன்னை வயிற்றில் சுமந்துகொண்டிருந்த உன் அம்மா மாரீஸ்வரி இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொண்டதாகச் சொன்னாள். "யானைக்கு நேர்ந்தியா குடைக்கு நேர்ந்தியா?" என்றேன். "ஆத்தாளுக்கு உங்க சின்னமெல்லாம் தெரியாது. பிள்ளை நல்லா பொறக்கணும், லோடு நல்லா எறங்கணும்னு கேட்டேன். நீங்க கொஞ்சம் வாயை மூடணும்னும் கேட்டேன்" என்றாள். மூன்றாவதை அம்மன் இன்னும் செய்யவில்லை.

இரண்டாம் சுற்று ஓட்டு எண்ணினார்கள். நான் ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டு, யானை ஜெயிக்க வேண்டும் யானை ஜெயிக்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். யானை ஜெயித்தால் மேலுறையைக் கிழித்துப் போட்டுவிடலாம், வேலை சுலபம். அப்போது வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட ஒரு பெண்ணிடம் பேட்டி எடுத்தார்கள். வெயிலில் விடியற்காலையிலிருந்து நின்றதாகவும், கைப்பிள்ளையை மாற்றி மாற்றி ஆள் வைத்துக்கொண்டதாகவும் சொன்னாள். யாருக்குப் போட்டாள் என்று சொல்லவில்லை. குரலில் அப்படி ஒரு உற்சாகம். நான் யார், அவள் ஆட்சியை எனக்கு வசதியாகத் தேர்ந்தெடுக்க? அந்தக் கட்சி அவர்களுக்கு நல்லது செய்ததா கெட்டது செய்ததா, எனக்கு என்ன தெரியும்? ஒரு லேபிள் படத்துக்காக ஒரு தேசத்துக்கே விசில் அடித்துக்கொண்டிருக்கிறேன். முணுமுணுப்பை நிறுத்தினேன். அமைதியாக முடியட்டும், யாரும் யாரையும் அடிக்காமல் முடியட்டும் என்று மட்டும் நினைத்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

அன்றைக்கும் முடியவில்லை. ஒரே ஒரு தொகுதியில் ஓட்டுப் போட முடியாமல் போயிருந்தது. அந்தத் தொகுதி போட்ட பிறகுதான் முடிவு என்று அறிவித்துவிட்டார்கள்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் அக்காவின் பழைய கம்பெனி போர்மேன் வீட்டுக்கு வந்தார். தைக்கு அப்புறம் ஆள் எடுக்கிறார்கள், இந்த வாரம் சொன்னால் பழைய இடம், சொல்லாவிட்டால் வேறு ஆள் என்றார். நல்ல மனிதர்தான், மிரட்டவில்லை. நோட்டு வேலை முடிந்து அக்காவின் செட்டே பைண்டிங் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது அவருக்கும் தெரியும். அவர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏலே, சுருக்கமாச் சொல்லு. அங்கன யாரு செயிச்சா நான் போகணும், யாரு செயிச்சா போக வேண்டாம்?"

நான் விளக்கினேன். யானை என்றால் இப்படி, குடை என்றால் அப்படி, துறைமுகத்தில் பிடித்தால் இப்படி, பிடிக்காவிட்டால் அப்படி. விரல் விட்டு விளக்கினேன். அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கே தெரியலை. அப்படித்தான?"

"ஒரு நாலு நாள் பொறுத்தா தெரிஞ்சிரும்க்கா."

"அவரு நாலு நாள் பொறுக்க மாட்டாரு." வெளியே போனாள். "அண்ணாச்சி, நான் வரலை. வேற ஆள் போட்டுக்கோங்க" என்றாள். அவர் தம்ளரைக் கீழே வைத்து, "யோசிச்சுத்தான் சொல்லுதியாம்மா?" என்றார். "யோசிக்கலை. யோசிச்சா வந்துருவேன்" என்றாள்.

அவர் போன பிறகு நான் கத்தினேன். உன் அத்தையிடம் நான் கத்துவது புதிதில்லை. லோடு திரும்பி வந்தால் என்ன செய்வாய், எந்த தைரியத்தில் சொன்னாய் என்று. "நோட்டு இல்லைன்னா கோழித்தீவன மூட்டை தைக்கப் போறேன். இல்லைன்னா உன் வீட்டுல உக்காந்து உன் பிள்ளையை வளக்கேன். எவனோ எங்கனயோ ஓட்டுப் போட்டு நான் மருந்து ரூமுக்குப் போகணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணணுமா? போலே" என்றாள். எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் அன்று ராத்திரிச் சோறு வழக்கத்தைவிட அதிகமாக இறங்கியது.

குடை ஜெயித்தது. மயிரிழையில்தான். தோற்றவர் தோல்வியை ஏற்றுக்கொண்டார், பதவி கை மாறியது, தெருவில் ஆடினார்களாம், பாடினார்களாம். இஸ்மாயில் அண்ணன் ஷட்டரை முழுதாகத் தூக்கிவிட்டார். "அரிசி நெறைய மிஞ்சிருச்சு. பாத்திமா தெனம் பிரியாணி போடுதா" என்று போனில் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இனி உன் பொட்டிதான் பாக்கி" என்றார்.

கண்டெய்னர் போய்ச் சேர்ந்தது நீ பிறப்பதற்குச் சில நாள் முன்னால். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அதிகாரி ஒரு பெட்டியைத் தொறந்தாரு. யானையைப் பாத்தாரு. மேல கெடந்த குடையைப் பாத்தாரு. என்னைய பாத்தாரு. எந்த ஊரு அச்சுன்னு கேட்டாரு. சிவகாசின்னேன். அந்த ஊருல ஒரே ஆளு ரெண்டு கட்சியிலயும் இருப்பானான்னாரு."

"நீங்க என்னண்ணே சொன்னீக?"

"ஆமான்னேன். வேற என்ன சொல்ல? வயித்தைப் பிடிச்சுச் சிரிச்சுட்டு விட்டுட்டாரு."

ஆனால் கமிட்டியில் சிரிக்கவில்லை. அதன் தலைவி ஒரு தலைமையாசிரியை. பள்ளிக்கூடத்துக்குள் எந்தக் கட்சியும் வரக்கூடாது, யானையும் கூடாது, குடையும் கூடாது என்று சொல்லிவிட்டார். இஸ்மாயில் அண்ணன் லோடு திரும்பிவிட்டது என்றே முடிவுகட்டி, பெட்டியை மூடப் போயிருக்கிறார். அந்த அம்மா ஒரு மேலுறையைக் கையில் எடுத்திருக்கிறார். புரட்டியிருக்கிறார். பின்பக்கம் அச்சில்லாத வெள்ளை. வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி நோட்டில் மாட்டிப் பார்த்தார். அளவு கச்சிதம். என் அளவாயிற்றே! "எப்படியும் பிள்ளைகள் முதல் நாளே நோட்டுக்கு அட்டை போட வேண்டும். இதைப் போட்டுக்கொள்ளட்டும்" என்றாராம். மாட்டி முடித்து, மேலே தன் பேனாவால் ஒரு பிள்ளையின் பெயரை எழுதிக் காட்டினாராம். இப்போது அந்த நாட்டில் ஒரு மாவட்டத்துப் பிள்ளைகள் கையில் எல்லாம் வெள்ளை நோட்டு. உள்ளே யானையும் குடையும் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. இதைக் கேட்டதும் நான் பிரஸ்ஸில் விசில் அடித்தேன். மெஷின்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். காதர் பாய் "என்னப்பா, உனக்குப் பிள்ளை பொறந்துருச்சா?" என்று ஓடி வந்தார்.

ஆர்டரும் வந்தது. ஒரு வருஷத்துக்கு. நிபந்தனை ஒன்றுதான்: வெள்ளை அட்டை, பெயர் எழுத ஒரு கோடு, படம் ஒன்றும் வேண்டாம். நாலு கலர் மெஷினுக்குப் பிளேட் போடுகிறவனுக்கு இதைவிட அவமானம் உண்டா? அடித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு கோட்டை உலகத்தில் எவனும் அடிக்காத அளவுக்கு நேராக அடிக்கிறேன்.

நீ பிறந்த அன்று அத்தை ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகத்தான் வந்தாள். இரண்டாவது லோடுக்குத் தாள் மடிப்பு தொடங்கியிருந்தது. உன்னைக் கையில் வாங்கி, "உங்கப்பன் வாயி இதுக்கு வராம இருக்கணும்" என்றாள். அவள் அப்போதே முடிவு செய்த விஷயம் ஒன்று இருந்திருக்கிறது, எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. நேற்றுக் காலை பிரஸ் வாசலில் அவளுடைய பழைய கம்பெனிப் பெண்கள் நின்றார்கள். ஒரு கூட்டமே நின்றது. தூக்குவாளியோடு, தலைக்குப் பூ வைத்து, கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அத்தை அவர்களுக்கு முன்னால், ஒன்றும் தெரியாதவள் மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்கன ஆள் எடுக்கீகன்னு காளியக்கா சொல்லுச்சு" என்றாள் ஒருத்தி.

நான் எவரிடமும் அப்படிச் சொல்லவில்லை. எங்களுக்கு வந்திருக்கும் ஆர்டர் அத்தை செட்டுக்கே சரியாகப் போகும். காதர் பாய் என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். அவள் அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்கள் மட்டும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளக்கம் சொல்ல விரலைத் தூக்கினேன், பிறகு கையைக் கீழே போட்டேன். "உள்ள வாங்க" என்றேன்.

யோசிக்கவில்லை, மகளே. யோசித்திருந்தால் அனுப்பியிருப்பேன். அவர்களுக்கு மடித்துக் காட்டத் தாள் இருக்கிறது. அடுத்த மாதம் மடிக்க என்ன இருக்கிறது என்று தெரியாது. இன்னொரு நாடு பிடிக்க வேண்டும், அதுவும் சீக்கிரம். இஸ்மாயில் அண்ணன் பக்கத்து நாடு ஒன்றின் பெயரைச் சொல்லியிருக்கிறார். அங்கே எப்போது தேர்தல், எதிரும் புதிருமாக நிற்பவர்கள் யார், அவர்களுக்கு என்ன சின்னம், அங்கே இருக்கும் நம் ஆட்கள் சௌக்கியமா என்று எல்லாம் கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். கடைசிக் கேள்வியை முதலில் கேட்கச் சொன்னேன். இந்நேரம் அவர் கடை திறந்திருப்பார். மீதியை நீ பேசக் கற்றுக்கொண்ட பிறகு நேரில் சண்டை போட்டுக்கொள்ளலாம். நான் போன் போடப் போகிறேன்.

அவசரத்தோடு,
உன் அப்பா